உயிரினங்களை ‘இனம்’ பிரிக்கும் கணக்கு: பாராமினாலஜியை முஸ்லிம்கள் எப்படிப் பார்ப்பது?

பாராமினாலஜி என்பது அமெரிக்காவின் புரொட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் படைப்புவாதிகள் உருவாக்கிய ஓர் உயிரின வகைப்பாட்டு முறை. இறைவன் ஆதியில் தனித்தனியாகப் படைத்த மூல இனங்கள் எவை, இன்று காணும் உயிரினங்களில் எவை எந்த மூல இனத்தின் வாரிசுகள் என்று கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். கடந்த கால் நூற்றாண்டாக அதைப் புள்ளியியல் துணையோடும் கணினி துணையோடும் செய்து வருகிறார்கள்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த பிள்ளை, பாடப்புத்தகத்தில் பரிணாமம் படித்துவிட்டு வந்து வீட்டில் கேள்வி கேட்கிறது. தந்தை என்ன சொல்வதென்று தெரியாமல் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவை எடுத்துக் காட்டுகிறார். “பார், கணினியே சொல்லிவிட்டது, ஒவ்வோர் இனமும் தனித்தனியாகப் படைக்கப்பட்டதுதான்” என்கிறார். அந்த வீடியோவின் வேர் எங்கே இருக்கிறது, அந்தக் கணக்கு உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தந்தைக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. நாளை அந்தப் பிள்ளை கல்லூரியில் புள்ளியியல் படிக்கும்போது அந்தக் கணக்கின் ஓட்டை அதன் கண்ணில் படும். அன்று உடைவது ஒரு கணக்கு மட்டும்தானா, அதோடு சேர்த்துக் கட்டிவைத்த ஈமானுமா என்பதுதான் கவலை. ஆகவே கொஞ்சம் பொறுமையாக இதைப் பார்த்துவிடுவோம்.

பெயரும் பிறப்பும்

‘பாராமின்’ என்ற சொல்லை 1941-இல் உருவாக்கியவர் ஃபிராங்க் லூயிஸ் மார்ஷ். செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த உயிரியலாளர். எபிரேய மொழியில் ‘பாரா’ என்றால் படைத்தான். ‘மின்’ என்றால் வகை, இனம். பைபிளின் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் தாவரங்களும் விலங்குகளும் ‘தத்தம் இனத்தின்படி’ உண்டாக்கப்பட்டதாகத் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தச் சொல்லைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

அரபு படித்தவர்களுக்கு ‘பாரா’ அந்நியமான சொல் அல்ல. அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களில் ஒன்றான ‘அல்பாரிஃ’ அதே வேரிலிருந்து வருவதே (பார்க்க: அல்குர்ஆன் 59:24). ஒரு சின்ன இலக்கணக் குறிப்பு: ‘பாரா’ என்பது இறந்தகால வினை. மத்ரஸாவில் முதல் வருடம் ஸர்ஃப் படிக்கும் மாணவனிடம் கேட்டாலும், அதைப் பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல்லோடு ஒட்டவைத்தால் ‘படைக்கப்பட்ட இனம்’ என்ற பொருள் வராது என்று சொல்லிவிடுவான். எபிரேயம் அறிந்தவர்களும் இதைச் சுட்டிக்காட்டியதுண்டு. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

மார்ஷ் வைத்த அளவுகோல் எளிமையானது. இரண்டு விலங்குகள் கூடிக் கரு உருவாகுமானால் அவை ஒரே பாராமின். குதிரையும் கழுதையும் சேர்ந்து கோவேறு கழுதை பிறக்கிறது. எனவே குதிரையும் கழுதையும் ஒரே மூல இனம். சிங்கமும் புலியும் அப்படியே. இந்த அளவுகோலில் ஒரு சிக்கல் உண்டு. அழிந்துபோன உயிரினங்களைக் கூடவைத்துப் பார்க்க முடியாது. உயிரோடு இருப்பவற்றிலும் பெரும்பாலானவற்றுக்கு யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. கரு உருவாகவில்லை என்றால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். வேறு இனம் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

1990-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த படைப்புவாத மாநாட்டில் கர்ட் வைஸ் என்பவர் இதை ஒரு துறையாக முன்வைத்தார். ஹார்வர்டில் தொல்லுயிரியல் படித்து டாக்டர் பட்டம் பெற்றவர் அவர். அதே காலத்தில் வால்டர் ரிமைன் என்பவர் சில கலைச்சொற்களைத் தந்தார். ஒரு மூல இனத்தின் முழுக் கூட்டம் ‘ஹோலோபாராமின்’. அதன் ஒரு பகுதி மட்டும் ‘மோனோபாராமின்’. மற்றவற்றோடு தொடர்பே இல்லாமல் துண்டித்து நிற்கும் கூட்டம் ‘அபோபாராமின்’. நடைமுறையில் அவர்கள் சொல்லும் மூல இனம் பெரும்பாலும் உயிரியலில் ‘குடும்பம்’ என்று சொல்லும் மட்டத்துக்கு வந்து நிற்கிறது. பூனைக் குடும்பத்தில் சுமார் 40 சிற்றினங்கள் உள்ளன. வீட்டுப் பூனை முதல் புலிவரை அனைத்தும் ஒரு ஜோடியின் வாரிசுகள் என்பது அவர்கள் கருத்து.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ‘படைப்புவாதிகள் உயிரினங்கள் மாறுவதையே மறுக்கிறார்கள்’ என்று நினைக்கிறோம். உண்மை அப்படி இல்லை. பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்றும், நூஹ் (அலை) அவர்களின் கப்பலிலிருந்து இறங்கிய விலங்குகளே இன்றைய விலங்குகளின் மூதாதையர் என்றும் அவர்கள் நம்புவதால், ஒரு ஜோடிப் பூனையிலிருந்து சிங்கமும் சிறுத்தையும் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் வந்தாக வேண்டும். டார்வினே கேட்டாலும் மலைத்துப்போகும் வேகம் அது. கென்டக்கி மாநிலத்தின் வில்லியம்ஸ்டவுனில் 2016-இல் திறக்கப்பட்ட ‘ஆர்க் என்கவுன்டர்’ என்ற கப்பல் வடிவக் காட்சியகத்தை நடத்துவோர், கப்பலில் ஏறியவை சுமார் 1,400 இனங்களே என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்த எண்ணிக்கைக்கு வருவதற்குத்தான் பாராமினாலஜி அவர்களுக்குத் தேவைப்படுகிறது.

கணக்கு எப்படி நடக்கிறது?

பல பண்புகளை ஒரே நேரத்தில் அளந்து, அவற்றை மொத்தமாக வைத்துக் கூட்டங்களைப் பிரிக்கும் முறைக்குப் பன்மாறிப் புள்ளியியல் என்று பெயர். இதைப் படைப்புவாதிகள் கண்டுபிடிக்கவில்லை. இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் நம் நாட்டவர். கொல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளை ஆராய்ந்த பி.சி. மஹலனோபிஸ், இரண்டு கூட்டங்களுக்கு இடையிலான ‘தூரத்தை’ பல அளவுகளை வைத்துக் கணக்கிடும் சூத்திரத்தை 1936-இல் வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் அது ‘மஹலனோபிஸ் தூரம்’ என்றே அழைக்கப்படுகிறது. அதே 1936-இல் இங்கிலாந்தின் ரொனால்ட் ஃபிஷர், மூன்று சிற்றின ஐரிஸ் மலர்கள் 150-ஐ எடுத்து, இதழ்களின் நான்கு அளவுகளை மட்டும் வைத்து அவற்றைப் பிரித்துக் காட்டினார். 1963-இல் ராபர்ட் சோக்கலும் பீட்டர் ஸ்நீத்தும் ‘எண்சார் வகைப்பாடு’ பற்றிய நூலை எழுதினார்கள். ஒட்டுமொத்த ஒற்றுமையை எண்ணில் அளந்து உயிரினங்களை வகைப்படுத்தலாம் என்பது அதன் சாரம்.

1998-இல் ராபின்சன், கவனா என்ற இருவர் இந்தக் கருவியைப் பாராமினாலஜிக்குக் கொண்டுவந்தார்கள். முறை இதுதான்.

ஒரு பட்டியல் போடுங்கள். வரிசையில் உயிரினங்கள், பத்தியில் பண்புகள். நகம் உள்ளிழுக்குமா, கடைவாய்ப் பல் எத்தனை, வால் எலும்பின் அமைப்பு என்ன என்று நூறு பண்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பூனையும் புலியும் 12 பண்புகளில் மட்டும் வேறுபட்டால் அவற்றின் ‘பாராமின் தூரம்’ 0.12. பூனையும் ஓநாயும் 55-இல் வேறுபட்டால் 0.55. (இவை விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள்.) பெரும்பாலான உயிரினங்களுக்கு விவரம் தெரியாத பண்புகளை முதலிலேயே கழித்துவிடுவார்கள், வழக்கமாக, 95 சதவீத உயிரினங்களுக்காவது விவரம் தெரிந்த பண்புகளே மிஞ்சும்.

அடுத்த கட்டம்தான் முக்கியம். பூனையிலிருந்து மற்ற எல்லா உயிரினங்களுக்கும் உள்ள தூரங்கள் ஒரு வரிசை. புலியிலிருந்து மற்ற எல்லாவற்றுக்கும் உள்ள தூரங்கள் இன்னொரு வரிசை. இந்த இரண்டு வரிசைகளும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கினால் ஒட்டுறவு நேர்மறை; பூனையும் புலியும் ஒரே இனம், ‘தொடர்ச்சி’ இருக்கிறது என்பார்கள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் ஒட்டுறவு எதிர்மறை. அவற்றுக்கு இடையே ‘துண்டிப்பு’ இருக்கிறது, தனித்தனியாகப் படைக்கப்பட்டவை என்பார்கள்.

பின்னர் டாட் சார்லஸ் வுட் என்ற உயிர்வேதியியலாளர், பல்பரிமாண அளவீடு என்ற முறையையும் சேர்த்தார். ஊர்களுக்கு இடையிலான தூரப் பட்டியல் மட்டும் கையில் இருந்தால் அதைவைத்து வரைபடத்தையே வரைந்துவிடலாம் அல்லவா? அதுபோல உயிரினங்களை ஒரு வெளியில் புள்ளிகளாக நிறுத்திக் காட்டும் முறை அது. புள்ளிகள் கொத்துக்கொத்தாகப் பிரிந்து நின்றால் இடைவெளி. தொடர்ந்து ஓடினால் தொடர்ச்சி. வுட் பல ஆண்டுகள் டென்னஸி மாநிலம் டேட்டனில் உள்ள பிரையன் கல்லூரியில் பணியாற்றியவர். 1925-இல் பரிணாமம் கற்பித்ததற்காக ஓர் ஆசிரியர் மீது வழக்கு நடந்த அதே ஊர். அந்த வழக்கில் ஆசிரியருக்கு எதிராக வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனின் பெயரில் அமைந்த கல்லூரி.

சாயல் சாட்சியாகுமா?

எண்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்தக் கணக்கின் அடியில் இருப்பது ஒரே ஒரு கேள்விதான். சாயல் இருந்தால் வம்சம் ஒன்று என்றும், சாயல் இல்லாவிட்டால் வம்சம் வேறு என்றும் சொல்லலாமா?

இந்தக் கேள்வி நம் ஃபிக்ஹுக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்களின் அன்புக்குரிய ஸைத் (ரலி) வெண்ணிறத்தவர். அவருடைய மகன் உஸாமா (ரலி) கருநிறத்தவர். இதை வைத்து அறியாமைக் கால மக்கள் உஸாமாவின் வம்சத்தைப் பற்றித் தவறாகப் பேசினார்கள். ஒருநாள் தந்தையும் மகனும் தலையையும் முகத்தையும் மூடிப் படுத்திருக்க, பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. சாயல் பார்த்து வம்சம் சொல்வதில் பேர்போன முஜஸ்ஸிஸ் அல்முத்லிஜி அந்தப் பாதங்களைப் பார்த்து, இவை ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்றார். நபி (ஸல்) அவர்கள் முகம் மலர்ந்து இதை ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொன்னதாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் வருகிறது. இதை ஆதாரமாகக் கொண்டு இமாம் ஷாஃபிஈ (ரஹ்) உள்ளிட்டோர், வம்சத்தில் சந்தேகம் வரும் இடத்தில் சாயல் நிபுணரின் சொல்லை ஏற்கலாம் என்றார்கள். ஹனஃபி மத்ஹபில் அது ஏற்கப்படவில்லை.

இன்னொரு ஹதீஸையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ஃபஸாரா கோத்திரத்தைச் சேர்ந்த ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம் மனைவி கருநிறக் குழந்தையைப் பெற்றிருப்பதாகச் சொல்லி மறைமுகமாகச் சந்தேகத்தை வெளியிட்டார். “உம்மிடம் ஒட்டகங்கள் இருக்கின்றனவா, அவற்றின் நிறம் என்ன?” என்று கேட்டார்கள். சிவப்பு என்றார். அவற்றில் சாம்பல் நிறத்தவை உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, ஏதோ ஒரு பரம்பரை வேர் இழுத்திருக்கலாம் என்றார் அவர். உம் மகனையும் அப்படி ஒரு வேர் இழுத்திருக்கலாமே என்று நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். (புகாரி, முஸ்லிம்)

சாயல் இருப்பது ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. சாயல் இல்லாதது வம்சம் இல்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. பாராமினாலஜியின் ‘துண்டிப்பு’ என்ற முடிவோ இந்த இரண்டாவது பாதையில்தான் நடக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் சிஹுவாஹுவா நாய்க்கும் கிரேட் டேன் நாய்க்கும் என்ன சாயல்? இரண்டும் ஒரே சிற்றினம். மறுபக்கம் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் வாழ்ந்து அழிந்த டாஸ்மேனிய ஓநாயின் மண்டையோடும் நம் ஓநாயின் மண்டையோடும் தேர்ந்த கண்ணையே ஏமாற்றும். ஆனால் அது கங்காருவைப் போல வயிற்றுப்பையில் குட்டி வளர்க்கும் பிராணி. முதலை பார்க்கப் பல்லி போல இருக்கிறது. மரபணுவின்படி அது பல்லியைவிடப் பறவைக்கே நெருக்கம். ஒட்டுமொத்த ஒற்றுமை வேறு, வம்சம் வேறு என்பதால்தான் சோக்கல், ஸ்நீத்தின் முறையைப் பெரும்பாலான உயிரியலாளர்கள் வம்சம் காணும் வேலைக்குக் கைவிட்டு, ஜெர்மானியர் வில்லி ஹென்னிக் காட்டிய வழிக்குப் போனார்கள்.

ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில் சாயல் நிபுணருக்கு ஒரு நிபந்தனை சொல்லப்பட்டிருக்கிறது. அவர் சோதித்தறியப்பட்டவராக இருக்க வேண்டும். எப்படிச் சோதிப்பது? ஒரு குழந்தையைப் பெண்கள் சிலருக்கிடையில் வைத்துக் காட்ட வேண்டும். அந்தப் பெண்களில் குழந்தையின் தாய் இருக்கக் கூடாது. இப்படி மூன்று முறை. பிறகு தாய் இருக்கும் கூட்டத்தோடு காட்ட வேண்டும். எல்லா முறையும் சரியாகச் சொன்னால்தான் அவர் சொல் எடுபடும். தாய் இல்லாத கூட்டத்திலும் எவளையாவது காட்டி ‘இவள்தான்’ என்று சொல்லும் நிபுணர் தள்ளுபடி. ‘இல்லை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘இல்லை’ என்று சொல்லத் தெரிகிறதா என்பதே சோதனை. இன்றைய புள்ளியியல் வகுப்பில் இதையே வேறு பெயரில் பாடமாக நடத்துகிறார்கள்.

இந்த நிபந்தனையை பாராமினாலஜியின் முதல் கட்டுரைக்கு வைத்துப் பார்ப்போம். 1998-இல் ராபின்சனும் கவனாவும் எடுத்துக்கொண்டது மனிதனையும் ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகளையும். மனிதன் தனிப் படைப்பு என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்த விடை. உடலமைப்பும் வாழ்முறையும் சார்ந்த பண்புகளை வைத்தபோது மனிதன் தனியாக நின்றான். ஹீமோகுளோபின் புரதம், ஒரு வகை ஆர்என்ஏ, குரோமோசோம் ஆகியவற்றை வைத்தபோது அப்படிப் பிரிந்து நிற்கவில்லை. அவர்கள் வந்த முடிவு: மனித இனத்தை அடையாளம் காண மூலக்கூறு, குரோமோசோம் விவரங்கள் அவ்வளவாக உதவாது, உடலமைப்பும் வாழ்முறையும் நம்பத்தக்கவை. விரும்பிய விடையைத் தராத சாட்சி, நம்பத்தகாத சாட்சி ஆகிவிட்டது. ஒரு காழி இப்படித் தீர்ப்பளித்தால் நாம் ஏற்போமா?

ஆதம் (அலை) அவர்களை அல்லாஹ் தன் ஆற்றலால் நேரடியாகப் படைத்தான் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை (பார்க்க: 3:59, 38:75). அதற்காக அந்தக் கட்டுரையின் கணக்கு சரியாகிவிடாது.

கணக்கில் உள்ள வேறு சிக்கல்கள்

ஒட்டுறவு முறையின் முடிவு, யார் யாரைப் பட்டியலில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். பூனைக் குடும்பத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், பெரும் பூனைகளும் சிறு பூனைகளும் எதிரெதிராக நிற்க வாய்ப்புண்டு. அதே பட்டியலில் யானையையும் முதலையையும் சேர்த்துவிடுங்கள். பூனைகள் அனைத்தும் ஒரே கொத்தாகிவிடும். இரண்டு கொத்துகள் மட்டும் உள்ள எந்தப் பட்டியலிலும் ஒன்றுக்கு அருகில் இருப்பது மற்றதற்குத் தூரத்தில்தான் இருக்கும். எனவே எதிர்மறை ஒட்டுறவு வந்தே தீரும். அது படைப்பைப் பற்றிய செய்தி அல்ல, பட்டியலைப் பற்றிய செய்தி.

இன்னொன்று, ஒரே பட்டியலிலிருந்து எடுத்த தூரங்கள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. ஆகவே ‘இது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு இவ்வளவுதான்’ என்று வழக்கமான சூத்திரத்தால் சொல்ல முடியாது. இந்த முறையின் புள்ளியியல் பலவீனங்களை 2021-இல் விரிவாக எழுதியவர் காலின் ரீவ்ஸ். அவர் பரிணாமவாதி அல்ல. படைப்புவாத ஆய்விதழிலேயே எழுதிய படைப்புவாதி. சொந்த வீட்டுக்குள்ளிருந்து வந்த இந்த விமர்சனத்தை நம் வீடியோக்கள் காட்டுவதில்லை.

வெளியிலிருந்து வந்த விமர்சனம் சுவையானது. வட கரோலைனாவின் ஃபயட்வில் அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபில் சென்டர், படைப்புவாதிகளின் அதே பல்பரிமாண அளவீட்டை எடுத்து டைனோசர்களின் ஒரு பிரிவுக்குப் பொருத்திப் பார்த்தார். ஆர்க்கியோப்டெரிக்ஸ் முதலான ஆதிப் பறவைகளுக்கும் பறவையல்லாத பல டைனோசர்களுக்கும் இடையே இடைவெளி இல்லை, தொடர்ச்சிதான் இருக்கிறது என்று 2010-இல் பரிணாம உயிரியல் ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். தொடர்ச்சி என்றால் ஒரே வம்சம் என்பது உங்கள் விதி. அப்படியானால் பறவையும் டைனோசரும் ஒரே வம்சம் என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்றார். வுட் மறு ஆண்டே அதே இதழில் பதில் எழுதினார். ஒட்டுறவு முறையையும் சேர்த்துப் பார்த்தால் அந்த முடிவு அப்படியே நிற்காது என்பது அவர் வாதம். ஒரே பட்டியலை வைத்து ஒரு முறை தொடர்ச்சி என்கிறது, மற்றொரு முறை அப்படி அல்ல என்கிறது.

வுட்டைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் மலாபா குகையில் கிடைத்த ஆஸ்ட்ரலோபிதெகஸ் செடிபா என்ற புதைபடிவம் 2010-இல் அறிவிக்கப்பட்டது. அது குரங்கு என்றே பல படைப்புவாதிகள் சொன்னார்கள். வுட் தம் கணக்கைப் போட்டார். அது மனிதக் கொத்தில் விழுந்தது. ஹோமோ ஹபிலிஸும் அப்படியே. தம் ஆட்களுக்கு அது பிடிக்காது என்று தெரிந்தும் அவர் மறைக்காமல் வெளியிட்டார். கடும் எதிர்ப்பும் வந்தது. குதிரைகளிலும் இதே கதை. நாயளவே இருந்த ஹைராகோதீரியம் முதல் இன்றைய குதிரைவரை ஒரே கோட்டில் வருகிறது என்று 2003-இல் கவனா, வுட், வைஸ் மூவரும் சேர்ந்து எழுதினார்கள். பள்ளிப் பாடப்புத்தகங்களில் பரிணாமத்துக்கு உதாரணமாகக் காட்டும் அதே குதிரை வரிசையைப் படைப்புவாதிகளே ஒரே வம்சம் என்று ஏற்றுக்கொண்டார்கள். பரிணாமம் நெருக்கடியில் இருக்கும் கோட்பாடு அல்ல, அதற்குச் சான்றுகள் நிறைய இருக்கின்றன, நான் அதை மறுப்பது என் நம்பிக்கையால்தான் என்றும் வுட் 2009-இல் வெளிப்படையாக எழுதினார். எதிரணியில் இருப்பவரிடமும் நேர்மை இருந்தால் அதைச் சொல்வதுதான் நீதி.

நமக்கு இந்தச் சுமை உண்டா?

பாராமினாலஜிக்கு அடித்தளம் மூன்று. ஆதியாகமத்தின் ‘மின்’ என்ற சொல், பூமியின் இளவயது, உலகம் முழுவதையும் மூழ்கடித்த வெள்ளம். இம்மூன்றில் எதையும் நம் மார்க்கம் அதே வடிவில் நம் மீது கடமையாக்கவில்லை.

குர்ஆன் பூமியின் வயதை ஆண்டுக்கணக்கில் சொல்லவில்லை. நூஹ் (அலை) அவர்களின் வெள்ளத்தை உறுதியாகச் சொல்கிறது. ஜோடிகளை ஏற்றிக்கொள்ளுமாறு இடப்பட்ட கட்டளையும் வருகிறது (11:40, 23:27). அந்த வெள்ளம் முழு உலகத்தையும் சூழ்ந்ததா, அந்தச் சமுதாயத்தின் நிலப்பரப்பை மட்டும் சூழ்ந்ததா என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்துகள் உண்டு. உயிரினங்களைத் தண்ணீரிலிருந்து படைத்ததையும், அவற்றில் வயிற்றால் ஊர்பவை, இரு கால்களில் நடப்பவை, நான்கு கால்களில் நடப்பவை இருப்பதையும் குர்ஆன் எடுத்துச் சொல்கிறது (24:45). அது படைத்தவனின் ஆற்றலைச் சிந்திக்கச் சொல்லும் வசனம். எத்தனை மூல இனங்கள் என்ற பட்டியல் அதில் இல்லை. குதிரையையும் கோவேறு கழுதையையும் கழுதையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடும் இடத்தில், நாம் அறியாதவற்றையும் அவன் படைப்பதாகச் சேர்த்துச் சொல்லப்படுகிறது (16:8).

நம் ஃபுகஹாக்களும் விலங்குகளை வகைப்படுத்தினார்கள். ஜகாத்தில் வெள்ளாடும் செம்மறியும் ஒரே ஜின்ஸ். எருமை மாட்டோடு சேர்த்து எண்ணப்படும். இரட்டைத் திமில் ஒட்டகமும் அரபு ஒட்டகமும் ஒன்றாகவே கணக்கிடப்படும். கோவேறு கழுதையின் இறைச்சியில் நாட்டுக் கழுதையின் பக்கம் பார்த்து ஹராம் என்றார்கள். இவை எல்லாம் சட்டம் சொல்வதற்கான பிரிவுகள். ‘வெள்ளாடும் செம்மறியும் ஆதியில் ஒரு ஜோடியாகப் படைக்கப்பட்டன’ என்று எந்த ஃபகீஹும் இதிலிருந்து அகீதா எடுக்கவில்லை. தமீரீ (ஹிஜ்ரி 808-இல் மறைந்தவர்) விலங்குகளைப் பற்றிப் பெரும் கலைக்களஞ்சியமே எழுதினார். அதை அகர வரிசையில் அடுக்கினார், மூல இனங்களின் வரிசையில் அல்ல.

பிறகு எப்படி இந்த வாதங்கள் நம்மிடம் வந்து சேர்ந்தன? 1980-களில் துருக்கியில் அமெரிக்கப் படைப்புவாத நூல்கள் மொழிபெயர்க்கப்பட்டன. அங்கிருந்து ஹாரூன் யஹ்யா என்ற புனைபெயரில் அத்னான் ஒக்தார் பளபளப்பான நூல்களை உலகெங்கும் அனுப்பினார். 2006-இல் வந்த அவருடைய ‘படைப்பின் வரைபடம்’ நூலில், இன்று வாழும் பூச்சிகள் என்று போட்டிருந்த படங்களில் சில, மீன் பிடிக்கும் தூண்டிலில் மாட்டும் போலிப் பூச்சிகள். கொக்கிகூடப் படத்தில் தெரிந்தது. அவர் 2018-இல் பல குற்றச்சாட்டுகளில் கைதாகி, பின்னர் நீண்ட சிறைத் தண்டனை பெற்றார். மார்க்கத்துக்கு ஆதரவாக எழுதியிருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஓர் எழுத்தைச் சரிபார்க்காமல் பரப்பியதன் விளைவு அது. ஹதீஸில் அறிவிப்பாளர் தொடரைக் கேட்டுப் பழகிய சமுதாயம், அறிவியல் என்று வந்தால் மட்டும் அந்தப் பழக்கத்தை மறந்துவிடுகிறது.

அறிஞர்களின் நிலைப்பாடுகள் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. லெபனானின் திரிபோலியைச் சேர்ந்த ஷைகு ஹுஸைன் அல்ஜிஸ்ர் (மறைவு 1909), டார்வினின் கருத்தை அவர் காலத்தில் நிறுவப்பட்டதாக ஏற்கவில்லை; ஆனால் மறுக்க முடியாத சான்று வருமானால் வசனங்களை அதற்கிணங்க விளங்கிக்கொள்ள இடமுண்டு, படைத்தவன் அல்லாஹ்வே என்ற நம்பிக்கை அதனால் பாதிக்கப்படாது என்றார். இன்றைய ஆய்வாளர்களில் டேவிட் சாலமன் ஜலாஜல், ஆதம் (அலை) அவர்களின் நேரடிப் படைப்பை வஹீ உறுதிப்படுத்துகிறது, மற்ற உயிரினங்கள் எப்படித் தோன்றின என்பதில் வஹீ ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொல்லவில்லை, எனவே அங்கே முஸ்லிம் மௌனமாக நின்று அறிவியலைக் கேட்கலாம் என்ற நிலையை எடுத்துவைக்கிறார். பரிணாமத்தை முழுமையாக மறுக்கும் உலமாக்களும் கணிசமாக உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் சிந்தனையை அடிப்படையாகக் கொண்டு இந்தக் கருத்துகள் அனைத்தையும் எடைபோட்டு ஷுஐப் அஹ்மத் மாலிக் 2021-இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரி செல்லும் பிள்ளை இருக்கும் வீட்டில் வீடியோவுக்குப் பதிலாக அதைப் படிக்கக் கொடுக்கலாம்.

பிளஸ் டூ மாணவருக்கு இன்னொரு யோசனை. பாராமினாலஜியைச் சோதித்துப் பார்க்கப் பெரிய கணினி தேவையில்லை. ஆறு விலங்குகள், பத்துப் பண்புகள், ஒரு தாள் போதும். வீட்டில் உள்ள பூனையிலிருந்து தொடங்கி, பாடத்தில் படித்த ஒட்டுறவுக் கெழுவை வைத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பிறகு ஒரே ஒரு விலங்கை நீக்கிவிட்டு வேறொன்றைச் சேர்த்து, மறுபடியும் கணக்கிடுங்கள். விடை எத்தனை முறை மாறுகிறது என்று அத்தாவிடம் காட்டுங்கள்.